ஒரு பாட்டு, மூன்று உரிமையாளர்கள்

இங்கிலாந்து கிரிக்கெட் அணி எந்த நாட்டில் டெஸ்ட் ஆடச் சென்றாலும் அதன் ரசிகர் படையும் உடன் செல்கிறது. காலையில் முதல் பந்து வீசப்படும் நேரத்தில் அவர்கள் எழுந்து நின்று ஒரு பாட்டைப் பாடுவது வழக்கம். லண்டனில் ஆண்டுதோறும் நடைபெறும் பிராம்ஸ் இசைவிழாவின் இறுதி இரவில், கொடிகளை அசைத்தபடி ஆயிரக்கணக்கானோர் பாடுவதும் அதே பாட்டுத்தான். 2011-இல் இளவரசர் வில்லியமின் திருமணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். 'ஜெருசலேம்' என்று பெயர். சொற்கள் கவிஞர் வில்லியம் பிளேக்கினுடையவை. மெட்டு ஹூபர்ட் பாரியினுடையது. இங்கிலாந்தின் அறிவிக்கப்படாத நாட்டுப்பண் என்றே பலர் இதைக் கருதுகிறார்கள். ஆனால், அந்த மெட்டு எந்த இயக்கத்துக்காகக் கேட்கப்பட்டதோ அந்த இயக்கத்திலிருந்து பாரி பதினான்கே மாதங்களில் விலகிக்கொண்டார் என்பதும், பிறகு அதன் பதிப்புரிமையை வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களிடம் ஒப்படைத்தார் என்பதும் கொடி அசைப்போரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு மேற்கத்திய இசையின் இலக்கணம் தெரியாது. கேட்பவன் மட்டுமே. பாரியின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது இந்தச் சொத்து மாற்றம்தான். ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பாடுவோரும் கேட்போரும் உணர்ச்சியால் விடை சொல்வார்கள். இவர் சட்டபூர்வமான ஆவணத்தால் விடை சொன்னார்.

பாரி 1848 பிப்ரவரி 27-ஆம் நாள் பிறந்தார். பன்னிரண்டாம் நாள் தாய் காசநோயால் இறந்துபோனார். தந்தை தாமஸ் காம்பியர் பாரி செல்வந்தர், ஓவியர், கலைப்பொருள்கள் சேகரிப்பவர். குளோஸ்டர் நகருக்கு அருகே ஹைனம் என்ற ஊரில் மாளிகை வாங்கி வாழ்ந்தார். மறைந்த மனைவியின் நினைவாக அங்கே ஒரு தேவாலயம் எழுப்பி, அதன் சுவர்களில் தம் கையாலேயே ஓவியங்களைத் தீட்டினார். அந்த மாளிகைக்கும் ஓவியத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது என் தொழிற்பழக்கம். தந்தையின் பாட்டனாரான தாமஸ் பாரி கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். அவர் விட்டுச்சென்ற சொத்தே ஹைனமாக மாறியது. (சென்னையின் பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி வேறொருவர், வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த வணிகர்.) ஆங்கில இசையின் மறுமலர்ச்சி என்று பேசப்படும் கதையின் முதல் மூலதனத்தில் நம் நாட்டின் பங்கும் கலந்திருக்கிறது.

ஈட்டன் பள்ளியில் படிக்கும்போதே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் இசை இளவர் தேர்வில் தேறியவர் பாரி. இருந்தும் ஆக்ஸ்போர்டில் அவர் படித்தது சட்டமும் வரலாறும். கனவான் வீட்டுப் பிள்ளை இசையை ரசிக்கலாம், பழகலாம். அதைத் தொழிலாகக் கொள்வது குடும்பத்துக்குக் கௌரவமல்ல என்பது தந்தையின் எண்ணம். அக்காலத்து இங்கிலாந்தின் மேல்தட்டு முழுவதும் அப்படித்தான் எண்ணியது.

இதற்கிடையே காதல் வந்தது. மோட் ஹெர்பர்ட் பிரபு குடும்பத்துப் பெண். கிரிமியப் போரின்போது போர்த்துறை அமைச்சராக இருந்து, புளோரன்ஸ் நைட்டிங்கேலை அங்கே அனுப்பிவைத்த சிட்னி ஹெர்பர்ட்டின் மகள். உறுதியான வருமானம் இல்லாத இசைப் பித்தருக்குப் பெண் கொடுக்க அந்தத் தாயார் விரும்பவில்லை. ஆகவே 1870-இல் பாரி லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் சேர்ந்தார். 1872-இல் திருமணம் நடந்தது. ஏழாண்டுகள் அவர் கப்பல் காப்பீட்டில் கழித்தார்.

லாயிட்ஸ் என்பது ஒரு காப்பீட்டுக் கம்பெனி அன்று. தனி மனிதர்கள் கூடும் சந்தை. கப்பல் மூழ்கினால் இழப்பில் இவ்வளவு பங்கை நான் ஏற்கிறேன் என்று ஒவ்வொருவரும் கையெழுத்திடுவார்கள். அக்கால வழக்கப்படி கையெழுத்திட்டவரின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. வீடு வாசல் வரை போகலாம். இடரைக் கணக்கிடுவதே அங்கே வேலை. அந்த வேலை பாரிக்குப் பிடிக்கவும் இல்லை, பெரிதாகப் பலன் தரவும் இல்லை. பகலெல்லாம் காப்பீட்டு அலுவல், மாலையில் எட்வர்ட் டான்ராய்தர் என்ற பியானோ ஆசிரியரிடம் பாடம் என்று நாள்கள் கழிந்தன. 1876-இல் ஜெர்மனியின் பைராய்ட் நகருக்குச் சென்று, வாக்னரின் நான்கு பகுதி இசைநாடகத்தை அதன் முதல் அரங்கேற்ற ஆண்டிலேயே கேட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு லாயிட்ஸை விட்டு வெளியேறினார். அப்போது வயது 29.

அதற்குப் பிந்தைய பதவி உயர்வுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ஜார்ஜ் குரோவ் தொகுத்த புகழ்பெற்ற இசை அகராதிக்குத் துணையாசிரியராக இருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். 1883-இல் லண்டனில் ராயல் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது பேராசிரியரானார். 1895 முதல் இறக்கும்வரை அதன் இயக்குநர். 1900 முதல் 1908 வரை ஆக்ஸ்போர்டின் இசைப் பேராசிரியர் பதவியும் சேர்ந்துகொண்டது. 1898-இல் சர் பட்டம். வாகன் வில்லியம்ஸ் போன்றோர் அவரிடம் பயின்றார்கள். இதயநோய் இருந்தும் ஓயாமல் உழைத்தார். ஓய்வு கிடைத்தால் 'வாண்டரர்' என்ற தம் பாய்மரப் படகில் கடலுக்குப் போய்விடுவார். புயல் வந்தால் இன்னும் மகிழ்ச்சி. காப்பீட்டுச் சந்தையில் பழகியவருக்கு இது பொருத்தமான பொழுதுபோக்கா என்று எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

அவர் செய்த உண்மையான வேலை ஆங்கிலக் கவிதையை ஆங்கிலமாகவே பாட வைத்தது. இதைச் சற்று விளக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவிதைக்கு இசை என்றால் ஜெர்மானியர்களே நினைவுக்கு வந்தார்கள். கோதேயின் கவிதையை ஷூபர்ட்டும், ஹைனேயின் கவிதையை ஷூமனும் தனிக் குரலுக்கும் பியானோவுக்குமாக அமைத்த கலைப்பாடல்கள் ஐரோப்பா எங்கும் ஒலித்தன. ஷேக்ஸ்பியரும் மில்டனும் ஷெல்லியும் கீட்ஸும் பிறந்த மண்ணில் அதற்கு இணையாகச் சொல்ல அதிகமில்லை. வரவேற்பறைகளில் பாடப்பட்ட விற்பனைப் பாடல்கள் ஏராளம். அவற்றின் சொற்கள் பெரும்பாலும் சுமாரானவை. இசையே இல்லாத நாடு என்ற ஏளனம் இங்கிலாந்தின் மீது இருந்தது.

ஆங்கிலச் செய்யுள் அசையின் அழுத்தத்தால் நடப்பது. ஒரு சொல்லில் எந்த அசை அழுந்த வேண்டுமோ அது தாளத்தின் வலுவான இடத்தில் விழாவிட்டால், சொல் கேட்பவருக்கு ஊனமாகிவிடும்; பொருளும் நழுவும். நம் ஊரில் சாகித்தியத்தைச் சங்கதிக்காகக் கண்டபடி வெட்டிப் பாடும்போது அர்த்தம் சிதைவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாரி முதலில் கவிதையைத் தேர்ந்தார். பிறகு அதை வாய்விட்டுப் படிக்கும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே தயங்குகிறது என்பதையே மெட்டின் வழியாகக் கொண்டார். 'ஆங்கிலப் பாடல்கள்' என்ற பொதுத் தலைப்பில் 12 தொகுதிகளாக 74 பாடல்கள் வெளிவந்தன. கடைசி இரண்டு தொகுதிகள் அவர் மறைவுக்குப் பின் வந்தவை. ஷேக்ஸ்பியர், ஹெரிக், லவ்லேஸ், ஷெல்லி, பைரன், கீட்ஸ் என்று பழைய பெயர்கள் அவற்றில் உண்டு. உடன் படித்த நண்பரின் கவிதைகளும் உண்டு. ஒன்பதாம் தொகுதி முழுவதும் மேரி கோலரிட்ஜ் என்ற பெண் கவிஞருக்கு உரியது. அப்போது அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

சேர்ந்திசையில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மில்டன். கவிதையையும் குரலையும் வானுலகச் சகோதரிகளாகப் பாவித்து மில்டன் எழுதிய சிறு கவிதை ஒன்றை எட்டுக் குரல் பகுதிகளுக்கு அமைத்தார். 1887 மே மாதம் லண்டனின் பாக் சேர்ந்திசைக் குழு அதை அரங்கேற்றியது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பு ஷெல்லியின் 'கட்டவிழ்ந்த புரோமீதியஸ்' நாடகத்திலிருந்து சில காட்சிகளை அமைத்தபோது, குளோஸ்டர் விழாவின் பார்வையாளர்கள் குழம்பிப்போனார்கள். மில்டன் அவர்களை வென்றெடுத்தார். இசைவிழாக்கள் ஒவ்வொன்றும் பாரியிடம் புதிய படைப்புக் கேட்டன. போப், டென்னிசன், பிரிட்ஜஸ் என்று அவரும் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அதிகம் கொடுத்தார் என்பது என் கருத்து. பைபிள் கதைகளை வைத்து அவர் எழுதிய நெடிய படைப்புகள் சுமையாகவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றான 'யோபு'வை பெர்னார்ட் ஷா அன்றே கிழித்தெறிந்தார். ஷாவின் நாக்கு கொடியது என்றாலும், கேட்டுப் பார்த்தால் அவர் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. பாரி தேவாலயக் கோட்பாடுகளை நம்பியவர் அல்லர். இளமையிலேயே இதற்காகத் தந்தையுடன் மனத்தாங்கல் ஏற்பட்டது. விழாக் குழுக்கள் பைபிள் கதை கேட்டன. நம்பாதவர் கடமைக்கு எழுதினார். தாம் நேசித்த கவிதை கையில் இருக்கும்போது மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுகிறார்.

1914-இல் போர் மூண்டது. பாரிக்கு அது இரட்டை அடி. அவருடைய இசைக் கல்வி முழுவதும் பாக், பீத்தோவன், பிராம்ஸ், வாக்னர் என்று ஜெர்மனியிடமிருந்து வந்தது. அந்த நாடு இப்போது எதிரி. மறுபுறம், கல்லூரியின் மாணவர்கள் ஒவ்வொருவராகப் போர்முனைக்குப் போனார்கள். ஹவுஸ்மனின் கவிதைகளுக்கு மெட்டமைத்த ஜார்ஜ் பட்டர்வொர்த் அக்கல்லூரியில் சிறிது காலம் பயின்றவர். 1916 ஆகஸ்டில் சோம் போர்க்களத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹைனத்துக்குப் பக்கத்து நகரான குளோஸ்டரைச் சேர்ந்த ஐவர் கர்னி, உதவித்தொகை பெற்றுப் படித்த மாணவர். பதுங்குகுழியில் இருந்தபடி கவிதைகளுக்கு இசையமைத்தவர். 1917-இல் குண்டடிபட்டார், பிறகு நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டார். வாழ்வின் இறுதி 15 ஆண்டுகளை மனநல விடுதிகளில் கழித்தார். இத்தகைய இளைஞர்களை இழப்பதன் விலை என்ன என்று கல்லூரி இயக்குநர் வெளிப்படையாகவே வருந்தினார்.

இந்தச் சூழலில்தான் பிளேக்கின் கவிதை அவரிடம் வந்தது. சர் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட் என்ற பெயரை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். இந்தியாவில் பிறந்து, 1903-04-இல் திபெத்தின் மீது பிரிட்டிஷ் இந்தியப் படையை நடத்திச் சென்றவர். போரில் மக்களின் உறுதி தளராமல் இருக்க அவர் 'நியாயத்துக்காகப் போராடு' என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் ஆதரவாளர். தாம் தொகுத்த நூலில் சேர்த்திருந்த பிளேக்கின் கவிதைக்கு, கூட்டத்தினர் எளிதில் சேர்ந்து பாடும்படியான மெட்டு வேண்டும் என்று பாரியிடம் கேட்டார்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பிளேக் அரசுக்கு வேண்டியவர் அல்லர். சசெக்ஸ் கடற்கரையில் ஃபெல்ஃபம் கிராமத்தில் வாழ்ந்தபோது, தம் தோட்டத்தில் நுழைந்த படைவீரனைப் பிடித்து வெளியே தள்ளினார். மன்னரை இழித்துப் பேசியதாக அவன் புகார் கொடுக்க, அரசத் துரோக வழக்கில் நிறுத்தப்பட்டு 1804-இல் விடுதலையானார். தொழிற்சாலைகள் இருளச் செய்த மண்ணில் ஒரு புனித நகரை எழுப்பாமல் ஓயேன் என்று அறைகூவும் அந்தச் சிறு கவிதை, ஏறத்தாழ அதே காலத்தில் அவர் எழுதிய நெடும் படைப்பின் முன்னுரையில் இருக்கிறது. தொழிற்புரட்சி பற்றி வகுப்பெடுக்கும் பொருளாதார ஆசிரியர்கள் அதை நினைக்காமல் இருக்க முடியாது. அதைப் போர்க்கூட்டத்தின் பாட்டாக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

பாரி தயங்கினார். பிரிட்ஜஸ் நண்பர், மறுக்கவும் மனமில்லை. 1916 மார்ச் 10-ஆம் நாள் மெட்டை அமைத்து, தம் பழைய மாணவர் வால்ஃபோர்ட் டேவிஸிடம் கொடுத்தார். விரும்பியபடி செய்துகொள்ளலாம் என்று அலட்சியமாகச் சொன்னவர்போல் காட்டிக்கொண்டார். ஆனால், இரண்டாம் பகுதியில் மேகங்களை விலகச் சொல்லும் இடத்தில் ஒரு சுரத்தின் மீது மட்டும் விரலை வைத்துக் காட்டினார் என்று டேவிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த இடத்தில் பாட்டின் சீரான நடை முறிந்து குரல் மேலே எழுகிறது. கேட்டவர்கள் அந்த இடத்தை மறப்பதில்லை. எத்தனையோ நெடிய படைப்புகளில் அவர் தேடியது, கூட்டம் பாட வேண்டிய இந்தச் சிறு பாட்டில் கைகூடியது என்பேன். முதல் பகுதி தனிப் பெண்குரலுக்கு. இரண்டாம் பகுதியில் எல்லோரும் சேர வேண்டும் என்பது அவருடைய அமைப்பு.

மார்ச் 28-ஆம் நாள் லண்டன் குவீன்ஸ் ஹாலில் முந்நூறு பேர் கொண்ட பாடகர் குழு அதைப் பாடியது. பாட்டு உடனே பரவியது. பாரியின் மனக்கசப்பும் வளர்ந்தது. அந்த இயக்கத்தின் வெறித்த தேசப்பற்று அவருக்குச் சற்றும் ஒவ்வவில்லை. 1917 மே மாதம் யங்ஹஸ்பண்டுக்குக் கடிதம் எழுதித் தம் ஆதரவை விலக்கிக்கொண்டார். பாட்டையே முழுவதுமாகத் திரும்பப் பெற்றுவிடுவாரோ என்ற அச்சமும் இருந்தது.

அப்போதுதான் பெண்கள் கேட்டார்கள். பாரியின் மனைவி மோட் பெண்கள் வாக்குரிமைக்காக நெடுங்காலம் உழைத்தவர். பாரியும் அதை மனமார ஆதரித்தவர். வாக்குரிமைச் சங்கங்களின் தேசிய ஒன்றியத்துக்குத் தலைவி மில்லிசென்ட் ஃபாசெட். கல்லெறிதல், தீவைத்தல் போன்றவற்றில் இறங்காமல் அமைதியாகப் போராடிய பிரிவு அது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்த அம்மையாரை வேறு வழியிலும் தெரியும். 1870-இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட 'தொடக்கநிலையாளர்க்கான அரசியல் பொருளாதாரம்' அவர் எழுதியது. கணவர் ஹென்றி ஃபாசெட், பார்வையிழந்த நிலையிலும் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். இந்தியாவின் வரவு செலவு குறித்து நாடாளுமன்றத்தில் விடாமல் கேள்வி எழுப்பியதால் இந்தியாவின் உறுப்பினர் என்றே அழைக்கப்பட்டவர்.

1918 பிப்ரவரியில் முப்பது வயதைக் கடந்த பெண்களில் சொத்துத் தகுதி உடையோருக்கு வாக்குரிமை கிடைத்தது. அதையொட்டி மார்ச் 13-ஆம் நாள் நடந்த இசை நிகழ்ச்சிக்காகப் பாரி தம் பாட்டுக்கு வாத்தியக்குழு அமைப்பையும் எழுதித் தந்தார். இது பெண் வாக்காளர்களின் பாட்டாக வேண்டும் என்று ஃபாசெட் விரும்பினார். பாரி மகிழ்ந்து இசைந்தார். வாழ்த்துடன் அவர் நிற்கவில்லை. பதிப்புரிமையையே ஒன்றியத்துக்கு எழுதிக் கொடுத்தார். பதிப்புரிமை என்பது வருமானத்துக்கான உரிமை மட்டுமன்று. அச்சிடுவோர் எவரும் உரிமையாளரின் கதவைத் தட்டியாக வேண்டும். பாட்டைத் திரும்பப் பெற்றால் அது மௌனமாகிவிடும். விட்டுவிட்டால் யங்ஹஸ்பண்டின் கூட்டத்துக்கே உரியதாகிவிடும். பாரி மூன்றாவது வழியைக் கண்டார்.

அந்த ஆண்டுகளில் அவர் தமக்காக எழுதியவை 'விடைபெறும் பாடல்கள்' என்ற ஆறு சேர்ந்திசைப் பாடல்கள். வாத்தியத் துணை கிடையாது. ஹென்றி வாகன், ஜான் டேவிஸ், கேம்பியன், லாக்ஹார்ட், ஜான் டன் ஆகியோரின் கவிதைகளும் ஒரு சங்கீதமும் அவற்றில் உள்ளன. முதலிரண்டும் நான்கு குரல் பகுதிகள். பிறகு ஐந்து, ஆறு, ஏழு என்று வளர்ந்து கடைசிப் பாடல் எட்டில் முடிகிறது. புயலில் அலைந்த கப்பல் கரையை நாடுவதுபோல் உயிர் ஓய்வை நாடுகிறது என்னும் கேம்பியனின் கவிதையை, கடலோடியான இந்த முதியவர் மூன்றாவதாக வைத்தார். தேவாலயத்தை நம்பாதவரின் இந்தப் பாடல்களில் இருக்கும் உருக்கம், கடமைக்கு எழுதிய பைபிள் கதைகளில் இல்லை. அவருடைய படைப்புகளில் ஒன்றே ஒன்றைக் கேட்க நேரமுள்ளவர்களுக்கு நான் இவற்றையே சொல்வேன்.

1918-இல் ஐரோப்பாவைச் சூறையாடிய இன்ஃபுளுயன்சா அவரையும் விடவில்லை. அக்டோபர் 7-ஆம் நாள் சசெக்ஸ் கடற்கரையில் ரஸ்டிங்டன் இல்லத்தில் காலமானார். பிளேக் வாழ்ந்த ஃபெல்ஃபம் அங்கிருந்து சில மைல் தொலைவுதான். போர் ஓய இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. உடல் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த பிப்ரவரியில், பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னதாக, அவர் படித்த ஆக்ஸ்போர்டு எக்ஸிட்டர் கல்லூரியின் ஆலயத்தில் ஆறு பாடல்களும் முதன்முறையாக ஒருசேரப் பாடப்பட்டன.

'ஜெருசலேம்' ஒன்றியத்திடம் பத்தாண்டுகள் இருந்தது. 1928-இல் ஆணுக்கு நிகரான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டே ஒன்றியமும் கலைக்கப்பட்டது. பாரியின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவர்கள் பதிப்புரிமையை மாதர் கழகங்களிடம் ஒப்படைத்தார்கள். கிராமத்துப் பெண்கள் கூடிப் பேசவும் கற்கவும் 1915-இல் பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு அது. 1924 முதலே தம் கூட்டங்களில் இந்தப் பாட்டைப் பாடி வந்தது. 1968 வரை உரிமை அவர்களிடம் இருந்தது. அதன்பின் பாட்டு பொதுச்சொத்தாயிற்று. அரசியல் கட்சிகளின் மாநாடுகள், திரைப்படங்கள், விளையாட்டு மைதானங்கள் என்று எவரும் எவரையும் கேட்காமல் பாடலாம்.

பிராம்ஸ் இறுதி இரவில் இன்று முழங்குவது, 1922-இல் லீட்ஸ் விழாவுக்காக எல்கர் எழுதிய பெரிய வாத்தியக்குழு அமைப்பு. அந்த 1918 மார்ச் நிகழ்ச்சிக்காகப் பாரி எழுதியது அரிதாகவே கேட்கக் கிடைக்கிறது. தனிப் பெண்குரலுக்கென்று அவர் ஒதுக்கிய முதல் பகுதியையும் பெரும்பாலும் கூட்டமே பாடிவிடுகிறது.